140 ஃபயர்வால் பெட்டிகளில் எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது? இருந்த இடத்திலிருந்தே பார்க்க வழி உண்டா?

#1 கிளைவலை

வணக்கம். கிளை அலுவலகங்களில் எங்களுக்கு 140 சின்ன ஃபயர்வால் பெட்டிகள் இருக்கின்றன. ஃபேன் இல்லாத, உள்ளங்கை அகல வகை. உள்ளே ஓடும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், லினக்ஸ்தான், தயாரிப்பாளர் தன் வசதிக்கு வெட்டி ஒட்டியது. போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. 4.6.3-க்கு முந்தைய எல்லா ஃபர்ம்வேரிலும் ஓட்டை, உடனே மாற்றுங்கள் என்று.

4.6.3 எங்களுக்குப் புதிது இல்லை. 16 நாளுக்கு முன் ஓர் இரவில் பெரும்பாலான கிளைகளுக்குத் தள்ளிவிட்டோம். எந்தக் கிளை விட்டுப்போனது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எக்செல் தாள் ஒன்று உண்டு. அதில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் சில வரிசைகளுக்குப் பச்சை அடித்திருக்கிறார், பச்சைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை.

எஸ்என்எம்பி-யில் (வலைப் பெட்டிகளிடம் தூரத்திலிருந்தே விவரம் கேட்கும் முறை) கேட்டுப் பார்த்தேன். பாதிப் பெட்டிகள் டைம்அவுட். பதில் சொன்னவை எல்லாமே "4.2" என்கின்றன. நானே கையால் 4.6.3 ஏற்றி, வெப் பக்கத்தில் கண்ணால் பார்த்த பெட்டியும் 4.2 என்கிறது! ஒவ்வொன்றாக லாகின் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

#2 பாக்கெட்பொறுக்கி

உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. டைம்அவுட் தனி, 4.2 தனி. முதலில் டைம்அவுட்டைப் பார்ப்போம். கிளைகளுக்கு விபிஎன் டன்னல் இருக்கிறதா? எஸ்என்எம்பி கேள்வியை எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள், இன்டர்நெட் பக்க ஐபிக்கா, உள்பக்க லேன் ஐபிக்கா? பிங் போகிறதா?

#3 வேகம்

எதற்கு இவ்வளவு சுற்று? எல்லாப் பெட்டியிலும் வெப் நிர்வாகப் பக்கத்தை இன்டர்நெட் பக்கம் திறந்துவிடுங்கள். லாகின் பக்கத்தின் அடியிலேயே பதிப்பு எண் தெரியும். ஒரு ஸ்க்ரிப்ட் போட்டால் பத்து நிமிஷ வேலை. முடிந்ததும் மூடிவிடலாம்.

#4 சீரியல்கேபிள்

@வேகம், ஓட்டை இருக்கிறது என்று அறிவிப்பு வந்த பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கச் சொல்கிறீர்கள்.

"முடிந்ததும் மூடிவிடலாம்" என்று திறந்த எதையும் யாரும் மூடிப் பார்த்ததில்லை. 2022 பிப்ரவரியில் சைக்ளாப்ஸ் பிளிங்க் என்ற தீநிரலைப் பற்றி பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு அமைப்பான என்சிஎஸ்சி-யும் அமெரிக்காவின் அதே வேலை பார்க்கும் சிஐஎஸ்ஏ, கூடவே எஃப்பிஐ, என்எஸ்ஏ-வும் சேர்ந்து எச்சரிக்கை விட்டன. அது அப்போது பிடித்துவைத்திருந்தது வாட்ச்கார்ட் ஃபயர்பாக்ஸ் பெட்டிகளை. எல்லாவற்றையும் இல்லை, நிர்வாகப் பக்கத்தை வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தவற்றை மட்டும். 2023 ஜூனில் சிஐஎஸ்ஏ தன் நாட்டு அரசுத் துறைகளுக்கு ஒரு கட்டளையே போட்டது. இன்டர்நெட்டில் தெரியும் நிர்வாகப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் 14 நாளுக்குள் உள்ளே இழுத்துவிட வேண்டும் என்று.

லாகின் பக்கத்தில் பதிப்பு எண் தெரிகிறது என்றால் அதுவே ஒரு குறை. உங்கள் ஸ்க்ரிப்ட் படிப்பதை ஊரே படிக்கும்.

#5 வேகம்

சரி சரி, யோசனைதான் சொன்னேன். ஐபி கட்டுப்பாடு போட்டுத்தான் திறக்கச் சொல்ல வந்தேன்.

#6 சீரியல்கேபிள்

அதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். டன்னல் இருக்கும்போது வாசல் எதற்கு?

#7 கிளைவலை

@பாக்கெட்பொறுக்கி டன்னல் உண்டு, ஐபிசெக். பிங் ஏறக்குறைய எல்லாக் கிளைக்கும் போகிறது. எஸ்என்எம்பி கேள்வி அனுப்பியது பெட்டியின் இன்டர்நெட் பக்க ஐபிக்கு. கண்காணிப்பு மென்பொருளில் அந்த முகவரிகள்தான் ஏற்கெனவே பதிவாகியிருந்தன.

#8 பாக்கெட்பொறுக்கி

அங்கேதான் சிக்கல். டன்னல் எந்த முகவரிக் கூட்டத்திலிருந்து எந்தக் கூட்டத்துக்கு என்று கட்டப்பட்டிருக்கும். உங்கள் தலைமை லேன், கிளை லேன், அவ்வளவுதான். பெட்டியின் வெளி ஐபி அந்தக் கணக்கில் வராது. கேள்வி டன்னலுக்குள் போகாமல் நேராக இன்டர்நெட் வழியாகப் போகும், அங்கே பெட்டியே தடுத்துவிடும். பிங்கை மட்டும் அனுமதித்திருப்பார்கள், அதனால் "பிங் போகிறதே" என்று நமக்குக் குழப்பம்.

இன்னொன்றும் நடக்கும். கேள்வி போய்ச் சேர்கிறது, பதிலும் வருகிறது, ஆனால் வேறு ஐபியிலிருந்து. யுடிபி என்பதால் பெட்டி தனக்குத் தோன்றிய முகவரியை மூலமாகப் போட்டு அனுப்பிவிடும். கேட்ட இடம் ஒன்று, பதில் வந்த இடம் வேறு என்றால் உங்கள் கருவி அதைக் கண்டுகொள்ளாமல் டைம்அவுட் என்று சொல்லிவிடும். பாக்கெட் கேப்சர் போட்டுப் பார்த்தால் பதில் வாசலில் நிற்பது தெரியும். நான் ஒருமுறை அரை நாள் இதற்காகவே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளையின் லேன் ஐபிக்கு, 161-ஆம் போர்ட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். அப்படியே, வெர்ஷன் 2சி பயன்படுத்துகிறீர்கள் என்றால் கடவுச்சொல் மாதிரியான கம்யூனிட்டி சொல் வெறும் எழுத்தாகவே போகிறது என்பதை மறக்க வேண்டாம். டன்னலுக்குள் என்பதால் இன்றைக்குப் பரவாயில்லை. பின்னால் வெர்ஷன் 3-க்கு மாறிவிடுங்கள்.

#9 கிளைவலை

கும்பிடு போட்டேன். லேன் ஐபிக்கு அனுப்பியதும் 131 பெட்டிகள் பதில் சொல்லிவிட்டன. 9 மட்டும் மௌனம்.

ஆனால் 131-ம் ஒரே குரலில் 4.2. கேட்ட ஓஐடி (எந்த விவரம் வேண்டும் என்று எஸ்என்எம்பி-க்குச் சொல்லும் எண்) 1.3.6.1.2.1.1.1.0.

#10 மூலநிரல்

அது சிஸ்டெஸ்கர். "நீ யார்" என்று கேட்பதற்கான ஓஐடி, "உன் பதிப்பு என்ன" என்பதற்கானது இல்லை. வன்பொருள், இயங்குதளம், பதிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று தரம் பரிந்துரைக்கத்தான் செய்கிறது. உள்ளே என்ன எழுத வேண்டும், எந்த வடிவில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஆள் யாரும் கிடையாது.

ஃபர்ம்வேர் கட்டும் வேலையில் சில வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 4.2 எப்படி வந்திருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும். எஸ்என்எம்பி ஏஜென்ட்டின் கட்டமைப்புக் கோப்பில் சிஸ்டெஸ்கர் என்று ஒரு வரி இருக்கும். முதல் முறை பெட்டியை வெளியிட்டபோது யாரோ ஒருவர் அதில் மாடல் பெயரையும் அன்றைய பதிப்பையும் கையால் தட்டியிருப்பார். பிறகு 4.3 வந்தது, 4.4 வந்தது, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று வெளியீட்டுப் பட்டியலில் யாரும் எழுதி வைக்கவில்லை. வெப் பக்கம் வேறு கோப்பிலிருந்து படிப்பதால் அங்கே சரியாகத் தெரிகிறது. நான் இருந்த இடத்தில் இப்படி ஒரு பெட்டி ஐந்து பெரிய வெளியீடுகள் வரை தன்னை "சோதனைப் பதிப்பு" என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது.

என்டிடி மிப் ஆதரிக்கிறதா பாருங்கள் (மிப் என்றால் ஓஐடிகளின் பட்டியல்). 1.3.6.1.2.1.47.1.1.1.1-க்குக் கீழே கடைசி எண் 8 என்றால் வன்பொருள் ரிவிஷன், 9 ஃபர்ம்வேர், 10 மென்பொருள், 11 சீரியல் எண். இதில் ஒரு வேடிக்கை, நாம் வாய்வழக்கில் ஃபர்ம்வேர் என்கிறோமே, அது பெரும்பாலும் 10-இல்தான் இருக்கும். 9-இல் பூட்லோடர், அதாவது பெட்டி எழும்போது முதலில் ஓடும் நிரல், அதன் பதிப்பு உட்கார்ந்திருக்கும். 8-ஐயும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாடல் எண்ணில் இரண்டு வன்பொருள் ரிவிஷன் இருந்து, இரண்டுக்கும் வேறு வேறு இமேஜ் என்றால் அப்டேட் செய்யும் இரவில் தேவைப்படும்.

அதுவும் இல்லையென்றால் தயாரிப்பாளரின் சொந்த மிப். 1.3.6.1.4.1-க்குக் கீழே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கிளை உண்டு. ஃபோர்டிநெட்டுக்கு 12356. அவர்கள் ஃபோர்டிகேட்டில் 1.3.6.1.4.1.12356.101.4.1.1.0 என்று கேட்டால் பதிப்பும் பில்டு எண்ணும் ஒரே வரியில் வந்துவிடும். எல்லோரும் அப்படி வைத்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

#11 கிளைவலை

அருமை! 10-இல் வந்துவிட்டது. 131-இல் 118 பெட்டிகள் 4.6.3, மீதி 13 பழசு: 4.6.1 எட்டு, 4.4.7 ஐந்து. 13-க்கும் இன்றிரவே அப்டேட் போட்டுவிடலாம். மௌனமாக இருக்கும் 9-க்கு ஆள் அனுப்பிக்கொள்கிறோம். எல்லோருக்கும் நன்றி, இழையை மூடிவிடலாம்.

#12 புதுசு

சின்னக் கேள்வி. 4.6.3-ஐவிடப் பெரியதா சிறியதா என்று ஸ்க்ரிப்டில் எப்படிப் பார்த்தீர்கள்? நான் எழுத்து வரிசையில் ஒப்பிட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

#13 கிளைவலை

கண்ணால்தான். மூன்று விதப் பதிப்புதானே.

#14 இரவுமுறை

@புதுசு எழுத்தாக ஒப்பிட்டால் 4.10 என்பது 4.9-ஐவிடச் சின்னது ஆகிவிடும். புள்ளியில் உடைத்து ஒவ்வொரு துண்டையும் எண்ணாக ஒப்பிட வேண்டும். லினக்ஸில் சார்ட் கட்டளைக்கே பதிப்பு வரிசைக்கு என்று ஒரு விருப்பம் இருக்கிறது. பின்னால் "பேட்ச் 2", "ஆர்சி 1" என்று வால் இருந்தால் அதைத் தனியாகக் கையாளுங்கள்.

#15 சீரியல்கேபிள்

இழையை மூடாதீர்கள் தம்பி.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இதே பெட்டி 4.2 என்று சொன்னபோது நம்பவில்லை. இப்போது 4.6.3 என்றதும் நம்பிவிட்டீர்கள். ஏன்? நமக்கு வேண்டிய பதிலைச் சொன்னது என்பதாலா?

அந்த 118 பெட்டிகளிலும் 1.3.6.1.2.1.1.3.0 கேளுங்கள். எத்தனை நாளாக ஓடுகிறது என்று சொல்லும். 16 நாளுக்கு முன்தானே தள்ளினீர்கள்? ஃபர்ம்வேர் மாறினால் ரீபூட் ஆகியிருக்க வேண்டும். எதுவும் 16 நாளைத் தாண்டக் கூடாது.

#16 கிளைவலை

வயிற்றைக் கலக்குகிறது.

118-இல் 112 பெட்டிகள் 16 நாளோ அதற்குக் குறைவோ. ஐந்து பெட்டிகள் 16-ஐத் தாண்டி ஓடுகின்றன. குறைந்தது 74 நாள், அதிகம் 311 நாள். ஐந்துமே தங்களை 4.6.3 என்கின்றன. 311 நாளுக்கு முன் 4.6.3 என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது.

மிச்சம் ஒன்று 3 நாள் 1 மணி 12 நிமிஷம் என்கிறது. அந்தக் கிளையில் மூன்று நாளுக்கு முன் யாரும் தொடவில்லை, மின்தடையும் இல்லை என்கிறார்கள். அதை 112-இல் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

#17 மூலநிரல்

ஐந்தும் எனக்குப் புரிகிறது. இந்த மாதிரிப் பெட்டிகளில் ஃப்ளாஷ் இரண்டு பார்ட்டிஷனாக இருக்கும். இப்போது ஓடுவது ஒன்று, சும்மா இருப்பது இன்னொன்று. அப்டேட் என்றால் சும்மா இருக்கும் பக்கத்தில் புது இமேஜை எழுதுவது, அடுத்த முறை அங்கிருந்து பூட் ஆகு என்று பூட்லோடருக்கு ஒரு குறிப்பு வைப்பது, பிறகு ரீபூட். உங்கள் ஐந்து பெட்டிகளில் முதல் இரண்டும் நடந்திருக்கிறது, மூன்றாவது நடக்கவில்லை. ரீபூட் கட்டளை வழியில் தொலைந்திருக்கலாம், டன்னல் அந்த நொடியில் அறுந்திருக்கலாம்.

அப்படியானால் ஏன் 4.6.3 என்கிறது? அப்டேட் நிரல் கான்ஃபிக் பார்ட்டிஷனில் ஒரு கோப்பில் புதுப் பதிப்பு எண்ணைக் குறித்து வைக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். எஸ்என்எம்பி ஏஜென்ட் அந்தக் கோப்பைப் படித்துச் சொல்கிறது. ஏறியது எது என்று கேட்டால் சரியான பதில். ஓடுவது எது என்று கேட்டால் தப்பு.

எஸ்எஸ்எச்-இல் (தூரத்திலிருந்து லாகின் செய்து கட்டளை கொடுக்கும் வழி) உள்ளே போக முடிந்தால் கோப்பைக் கேட்காதீர்கள், லினக்ஸின் மையமான கெர்னலைக் கேளுங்கள். யூநேம் கட்டளை கெர்னல் எந்த நாள் கட்டப்பட்டது என்று சொல்லும், அது நினைவகத்தில் இருப்பதிலிருந்து வருவது. ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்தால் பூட்லோடர் எந்தப் பார்ட்டிஷனை ரூட் என்று கொடுத்தது என்பது தெரியும்.

#18 புதுசு

இது இந்த ஒரு தயாரிப்பாளரின் பழக்கமா, எல்லோரிடமும் இருக்கிறதா?

#19 மூலநிரல்

இரண்டு பார்ட்டிஷன் பரவலான ஏற்பாடு. மறைப்பதும் சொல்வதும்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் பெட்டி மாற்றுப் பிரதியிலிருந்து பூட் ஆகியிருந்தால், லாகின் செய்ததுமே பெரிய எழுத்தில் எச்சரிக்கை கொட்டும், தப்பவே முடியாது. மைக்ரோடிக்கில் இயங்குதளமான ரூட்டர்ஓஎஸ் பதிப்பு வேறு, பூட்லோடரான ரூட்டர்பூட் பதிப்பு வேறு. ரூட்டர்போர்டு விவரத்தைக் கேட்டால் இப்போதிருக்கும் ஃபர்ம்வேர், ஏற்றத் தயாராக இருக்கும் ஃபர்ம்வேர் என்று தனித்தனி வரியில் காட்டும். பலர் ரூட்டர்ஓஎஸ்ஸை மாற்றிவிட்டு ரூட்டர்பூட்டை வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள்.

#20 பாக்கெட்பொறுக்கி

அந்த 3 நாள் பெட்டிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் சுவாரசியம்.

அந்த ஓஐடி தருவது நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 32 பிட் எண். 4,29,49,67,295-ஐத் தொட்டதும் திரும்பப் பூஜ்யம். நாளாக மாற்றினால் 497 நாள் 2 மணி 27 நிமிஷம் சொச்சம். கார் மீட்டர் சுற்றி வந்ததுபோல. உங்கள் பெட்டி 3 நாள் ஓடுகிறதா, 500 நாள் ஓடுகிறதா என்பதை இந்த எண் மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

இன்னொரு வில்லங்கம், இது உண்மையில் பெட்டியின் வயசு இல்லை, எஸ்என்எம்பி ஏஜென்ட்டின் வயசு. ஏஜென்ட்டை மட்டும் யாராவது மறுதொடக்கம் செய்தாலும் பூஜ்யமாகும். ஹோஸ்ட் ரிசோர்சஸ் மிப்பில் 1.3.6.1.2.1.25.1.1.0 என்று இருப்பது பெட்டியின் வயசு. அதுவும் 32 பிட்தான், அதுவும் 497-இல் சுற்றும். இரண்டையும் வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டும் 3 நாள் என்றால் ஏஜென்ட் மேல் சந்தேகப்பட வேண்டாம். மீட்டர் சுற்றியதா, நிஜமாகவே ரீபூட்டா என்பது மட்டும் பாக்கி. அதற்கு உள்ளே போய் ப்ராக் அடைவின் அப்டைம் கோப்பைப் பார்க்க வேண்டும். அது நொடிக் கணக்கு, இப்படிச் சுற்றாது.

#21 கிளைவலை

இரண்டுமே 3 நாள்தான் காட்டுகின்றன. எஸ்எஸ்எச்-இல் போகப் பார்த்தால் என் லேப்டாப் "கீ எக்ஸ்சேஞ்ச் முறை ஒத்துவரவில்லை" என்று வாசலிலேயே நிறுத்துகிறது. மற்ற பெட்டிகளில் இப்படி இல்லை.

#22 இரவுமுறை

அதுவே ஒரு துப்பு. பழைய எஸ்எஸ்எச் சேவை ஓடுகிறது. 2015-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0 முதல் டிஃபி-ஹெல்மன் குரூப் 1 இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் வந்த 8.8-இல் ஷா-1 சேர்ந்த ஆர்எஸ்ஏ கையெழுத்தும் போனது. உங்கள் லேப்டாப் புதுசு, பெட்டி பழசு, இரண்டுக்கும் பொது மொழி இல்லை.

பழைய முறையை அந்த ஒரு பெட்டியின் முகவரிக்கு மட்டும் கான்ஃபிக் கோப்பில் அனுமதியுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டு மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவன் நான்.

#23 கிளைவலை

உள்ளே போய்விட்டேன். அப்டைம் கோப்பில் முதல் எண் 43213610. 86400-ஆல் வகுத்தால் 500 நாளும் கொஞ்சமும்.

யூநேம் காட்டும் கெர்னல் கட்டிய தேதி 4.4 தொடர் வந்த மாதத்தோடு ஒத்துப்போகிறது. 500 நாளாக ஒருமுறைகூட ரீபூட் ஆகாமல், தன்னை 4.6.3 என்று சொல்லிக்கொண்டு, 3 நாள்தான் ஆச்சு என்றும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் பட்டியலில் இதுதான் மிக ஆரோக்கியமான பெட்டியாகத் தெரிந்திருக்கும்.

@பாக்கெட்பொறுக்கி, சரியாக 500 என்று எப்படிச் சொன்னீர்கள்?

#24 பாக்கெட்பொறுக்கி

497-ஐயும் 3-ஐயும் கூட்டினேன்.

#25 சீரியல்கேபிள்

மௌனமாக இருக்கும் ஒன்பதுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் ஒரு விஷயம். அந்தக் கிளைகளில் பெட்டிக்குப் பின்னால் நிர்வகிக்கும் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதைக் கேளுங்கள். எல்எல்டிபி இயங்கினால் பக்கத்துப் பெட்டி தன்னைப் பற்றிச் சொன்ன வர்ணனை சுவிட்சில் பதிவாகியிருக்கும். சுவிட்சிடம் 1.0.8802.1.1.2.1.4.1.1.10-க்குக் கீழே இருப்பதை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பெட்டி வாயைத் திறக்காவிட்டாலும் பக்கத்து வீடு சொல்லும்.

#26 கிளைவலை

ஏழு கிளைகளில் சுவிட்ச் பதில் சொன்னது. ஏழிலும் எல்எல்டிபி வர்ணனை: 4.2.

#27 மூலநிரல்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எல்எல்டிபி வர்ணனையும் அதே சிஸ்டெஸ்கர் வரியிலிருந்து எடுக்கப்படுவதுதான் வழக்கம். அதே 4.2 அங்கேயும் போயிருக்கிறது.

வேறு வழி இருக்கிறது, அதற்கு லாகின்கூட வேண்டாம். ஒன்பது பெட்டிகளின் 22-ஆம் போர்ட்டுக்கு டன்னல் வழியாக இணைப்புத் தொடுங்கள். எஸ்எஸ்எச் சேவை கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே ஒரு வரியில் தன் பெயரைச் சொல்லும். சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் ட்ராப்பேர் என்ற எஸ்எஸ்எச் மென்பொருள்தான், கூடவே அதன் பதிப்பு. 2019.78, 2022.83 என்று வருஷத்தோடு இருக்கும். பதிப்பு உறுதியாகத் தெரிந்த உங்கள் பெட்டிகளில் முதலில் பார்த்து, எந்த ஃபர்ம்வேர் தொடரில் எந்த ட்ராப்பேர் என்று அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒன்பதோடு பொருத்துங்கள்.

எனக்கு இது பிடிப்பதற்குக் காரணம், இந்த வரியைச் சொல்வது ஓடிக்கொண்டிருக்கும் சேவையே. கான்ஃபிக் கோப்பில் யார் என்ன எழுதி வைத்தாலும் இது மாறாது. குறை என்னவென்றால் தொடர் வரைதான் தெரியும். 4.4-ஆ 4.6-ஆ என்று சொல்லும், 4.6.1-ஆ 4.6.3-ஆ என்று சொல்லாது. தயாரிப்பாளர் ட்ராப்பேர் பதிப்பு எண்ணை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்திருக்கவும் கூடும், அதனால் "பழைய ட்ராப்பேர், ஆகவே ஓட்டை" என்று முடிவுக்குத் தாவ வேண்டாம்.

140-க்கும் ஒரே நேரத்தில் எஸ்எஸ்எச் லாகின் அடிக்கவும் வேண்டாம். கீ எக்ஸ்சேஞ்ச் இந்தச் சின்னச் சிபியூ-வுக்குப் பெரும் பாரம். முதல் வரியைப் படித்துவிட்டு இணைப்பை விட்டுவிட்டால் அந்தப் பாரமே இல்லை.

#28 கிளைவலை

எட்டு வந்துவிட்டன, ஆறு 4.6 தொடர், இரண்டு 4.4. ஒன்பதாவது எதற்கும் அசையவில்லை. விசாரித்தால் அந்தக் கிளையை நான்கு மாதத்துக்கு முன்பே காலி செய்துவிட்டார்களாம். எக்செல் தாளில் பச்சை.

#29 வேகம்

நான் ஒன்று கேட்கலாமா, திட்டாமல்? நாம் ஏன் தேடித் தேடிப் போய்க் கேட்க வேண்டும்? பெட்டியே தினமும் வந்து "நான் இந்தப் பதிப்பு" என்று சொல்லக் கூடாதா?

#30 இரவுமுறை

திட்ட மாட்டேன், இந்த இழையின் நல்ல கேள்விகளில் ஒன்று இது. டிஆர்-069 என்ற நிர்வாகத் தரம் அதைத்தான் செய்கிறது. பெட்டி தானாகத் தலைமை சர்வரைக் கூப்பிட்டு இன்ஃபார்ம் என்று ஒரு செய்தி கொடுக்கும். அதில் மென்பொருள் பதிப்பு கட்டாயம் இடம்பெற வேண்டும், பதிப்பு மாறினால் அதையும் தானாகவே வந்து சொல்ல வேண்டும். நேட்டுக்குப் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும், ஏனென்றால் அழைப்பு உள்ளிருந்து வெளியே போகிறது.

ஆனால் அதிலும் சர்வர் பெட்டியைத் தட்டி எழுப்ப ஒரு போர்ட் உண்டு, வழக்கமாக 7547. அது இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்ததால்தான் 2016 நவம்பரில் மிராய் (ரூட்டர் போன்ற சின்னப் பெட்டிகளைப் பிடிக்கும் தீநிரல்) வகைத் தாக்குதல் ஒன்று ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் ஒன்பது லட்சம் ரூட்டர் வாடிக்கையாளர்களை முடக்கியது. வைத்தால் அந்தப் போர்ட்டைச் சர்வருக்கு மட்டும் திறங்கள்.

டிஆர்-069 இல்லாத பெட்டியில் கிரான் (குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் வசதி) போட்டு தினம் ஒருமுறை யூநேம், சிஎம்டிலைன், அப்டைம் மூன்றையும் லாக் சர்வருக்கு அனுப்பினால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வேண்டாம், பதிப்பு அப்படி ஒன்றும் அலைபாயும் சமாசாரம் இல்லை.

#31 சீரியல்கேபிள்

ஒரே ஒரு எல்லைக்கோடு. இதெல்லாம் பெட்டி நேர்மையானது, ஆனால் குழம்பியிருக்கிறது என்ற எண்ணத்தில் சொன்னவை. பெட்டி ஏற்கெனவே யார் கையிலாவது இருந்தால் கெர்னலும் பொய் சொல்லும். மேலே சொன்ன சைக்ளாப்ஸ் பிளிங்க் முறையான அப்டேட்டையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. புது இமேஜ் வந்ததும் அதற்குள் தன்னைச் செருகி, சரிபார்ப்புக் குறியையும் மறுபடி கணக்கிட்டு எழுதிவிடும். பதிப்பு எண் புதுசு, உள்ளே பழைய விருந்தாளி. அந்தச் சந்தேகம் வந்தால் தூரத்திலிருந்து எதைக் கேட்டும் பயனில்லை. பெட்டியைக் கழற்றி, சீரியல் கேபிள் போட்டு, ஃப்ளாஷைப் படித்து வெளியே வைத்து ஹாஷ் பார்க்க வேண்டும்.

@கிளைவலை, 500 நாள் பெட்டியை அப்படிப் பார்த்துவிடச் சொல்வேன். ஒன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஓட்டையோடு அதிக நாள் நின்றது அதுதான்.

#32 கிளைவலை

அதைக் கழற்றி வரச் சொல்லிவிட்டேன், இடத்தில் வேறு பெட்டி போய்விட்டது.

மற்ற ஐந்தையும் நேற்றிரவு ஒவ்வொன்றாக ரீபூட் செய்தோம், அந்தந்தக் கிளையில் ஓர் ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டு. நான்கு 4.6.3-ஆக எழுந்தன, யூநேம் தேதியும் சரி, ரூட் பார்ட்டிஷனும் மாறியிருக்கிறது. ஐந்தாவது இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுப் பழைய பார்ட்டிஷனுக்கே திரும்பிவிட்டது. புது இமேஜ் பாதியில் எழுதப்பட்டிருக்கும்போல. இப்போது அது ஓடுவது 4.6.1. எஸ்என்எம்பி இன்னமும் 4.6.3 என்றே சொல்கிறது.

இந்தப் பிழையைத் தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு விவரமாக எழுதி அனுப்பினேன், யூநேம், சிஎம்டிலைன் எல்லாம் இணைத்து. இன்று காலை பதில் வந்தது. எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது என்று அவர்கள் உறுதி செய்துகொள்ள வேண்டுமாம், சிஸ்டெஸ்கர் வெளியீட்டை அனுப்பச் சொல்கிறார்கள்.

#33 மூலநிரல்

அனுப்புங்கள். 4.2-க்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது என்பார்கள்.